23-ம் தேதி காலை

1844-ம் வருஷம். அக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் நியூ இப்ஸ்விச் என்றொரு ஊர். அங்கே லியோனார்ட் ஹேஸ்டிங்ஸ் என்கிற விவசாயியின் நிலத்தில் உருளைக்கிழங்கு நன்றாக விளைந்து கிடக்கிறது. தோண்டி எடுக்க வேண்டியதுதான் பாக்கி. அக்கம்பக்கத்து நிலங்களில் எல்லாம் வேலை முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் குளிர் இறங்கி மண் இறுகிவிடும். ஆனால், ஹேஸ்டிங்ஸ் மண்வெட்டியைத் தொடவே இல்லை. 'உன்னால் முடியாவிட்டால் சொல்லு, நாங்கள் தோண்டித் தருகிறோம்' என்றுகூட அக்கம்பக்கத்தார் கேட்டுப் பார்த்தார்கள். ம்ஹும். கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடக்கட்டும், நான் எதை நம்புகிறேன் என்று இந்த நிலமே ஊருக்குச் சொல்லட்டும் என்று சொல்லிவிட்டார்.

அவர் நம்பியது இதுதான். அக்டோபர் 22 அன்று இயேசு கிறிஸ்து மேகங்களின் மேல் வருவார். இந்த உலகத்தின் கணக்கு அன்றோடு முடியும். அப்புறம் உருளைக்கிழங்கு யாருக்கு?

அவர் ஒருவர்தான் இப்படி என்றால் 'மனுஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது' என்று விட்டுவிடலாம். அன்றைக்கு வடகிழக்கு அமெரிக்காவில் அவரைப்போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஐம்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் பேர் வரை இருக்கலாம் என்பது சரித்திர ஆசிரியர்களின் மதிப்பீடு. பிலடெல்பியாவில் ஒரு தையல்காரர், ராஜாதி ராஜா வரப்போகிறார், அதனால் கடையை மூடுகிறேன் என்று எழுதி மாட்டிவிட்டுப் போய்விட்டார். வேலையை ராஜினாமா செய்தவர்கள் உண்டு. சொத்தை விற்றவர்களும் உண்டு.

பொழுது விடிந்தது. மதியம் ஆனது. சாயங்காலம். ராத்திரி பன்னிரண்டு மணி அடித்து ஓய்ந்தது. அவர் வரவில்லை.

அமெரிக்க சரித்திரத்தில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. 'மாபெரும் ஏமாற்றம்'.

*

நம் ஊர்ச் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். 'இயேசு வருகிறார்' என்று எழுதியிருக்கும். சில இடங்களில் நடுவே 'சீக்கிரம்' என்கிற வார்த்தையும் சேர்ந்திருக்கும். நெடுஞ்சாலை ஓரத்துப் பாறைகளில், பாலத்துக் கைப்பிடிச் சுவர்களில், ஆட்டோவின் முதுகில். பஸ்ஸில் போகும்போது ஒரு நாளைக்கு நாலு தடவையாவது படிக்கிறோம். படித்துவிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுகிறோம்.

கிறிஸ்தவர்களுக்கு இது வெறும் சுவர் வாசகம் அல்ல. நாலாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்த விசுவாசப் பிரமாணத்தில் இது ஒரு வரி. இறந்து, உயிர்த்து, விண்ணுக்குப் போன கிறிஸ்து, நியாயம் தீர்க்கத் திரும்பவும் வருவார். கத்தோலிக்கர்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைத் 'திருவருகைக் காலம்' என்கிறார்களே, அது பெத்லகேமில் நடந்த பழைய வருகையை நினைத்துப் பார்க்க மட்டுமல்ல. இனி நடக்கப்போகும் வருகைக்குத் தயாராகவும்தான்.

'விழித்திருங்கள்' என்று சொல்லிவிட்டுப் போனவர், எப்போது வருவேன் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த நாளும் நாழிகையும் தேவதூதர்களுக்குக்கூடத் தெரியாது என்று மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் தெளிவாகவே இருக்கிறது. வருவது நிச்சயம், தேதி தெரியாது. மனுஷனுக்கு இதைவிட அவஸ்தையான சமாசாரம் வேறு உண்டா? ரயில் வரும், ஆனால் எப்போது என்று சொல்லமாட்டோம் என்று ஸ்டேஷனில் அறிவித்தால் எவ்வளவு நேரம் பொறுமையாக உட்கார்ந்திருப்போம்?

அந்த அவஸ்தை தாங்காமல் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டவர்கள் இரண்டாயிரம் வருஷங்களில் எத்தனையோ பேர். அவர்களில் மிக நாணயமான மனிதர் என்று ஒருவரைச் சொல்லலாம். வில்லியம் மில்லர்.

*

1782-ல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். வளர்ந்தது நியூயார்க் மாகாணத்தில் லோ ஹாம்ப்டன் என்கிற கிராமத்தில். விவசாயி. பெரிய படிப்பெல்லாம் இல்லை. ஆனால், கிடைத்த புத்தகத்தை எல்லாம் படிக்கிற ரகம். அப்படிப் படித்ததில் பைபிள் மேல் நம்பிக்கை போய்விட்டது. கடவுள் இருக்கிறார், உலகத்தைப் படைத்தார், அதோடு அவர் வேலை முடிந்துவிட்டது என்கிற கட்சியில் சேர்ந்துவிட்டார். பிரசங்கம் பண்ணுகிற சொந்தக்காரர்களைப்போலவே பேசி நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

அப்புறம் யுத்தம் வந்தது. 1812-ல் பிரிட்டனோடு அமெரிக்கா மோதியபோது மில்லர் ராணுவத்தில் கேப்டன். 1814 செப்டம்பரில் பிளாட்ஸ்பர்க் சண்டை. எதிரே பிரிட்டிஷ் படை, இவர்களைவிட மிகப் பெரிது. மில்லருக்குப் பக்கத்திலேயே ஒரு குண்டு விழுந்து வெடித்தது. உடன் இருந்தவர்கள் அடிபட்டார்கள். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. போதாக்குறைக்கு, தோற்றிருக்க வேண்டிய சண்டையில் ஜெயித்தும்விட்டார்கள். இது எப்படி என்கிற கேள்வியோடு ஊர் திரும்பினார்.

கிராமத்துச் சபையில் போதகர் இல்லாத நாட்களில் யாராவது ஒருவர் அச்சடித்த பிரசங்கத்தைப் படிப்பது வழக்கம். படிக்கிற லட்சணம் சரியில்லை என்று மில்லர் குறை சொல்லப்போக, 'அப்படியானால் நீயே படி' என்று அவரிடமே கொடுத்துவிட்டார்கள். 1816-ல் ஒரு நாள் அப்படிப் படித்துக்கொண்டிருந்தவருக்குப் பாதியில் தொண்டை அடைத்தது. மேலே படிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். கிண்டல் செய்துகொண்டிருந்த மனிதர் விசுவாசியானது இப்படித்தான்.

பழைய சிநேகிதர்கள் விடுவார்களா? பைபிளில் உள்ள முரண்பாடுகளுக்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டார்கள். அவகாசம் கொடுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் மில்லர். முதல் அதிகாரத்திலிருந்து ஆரம்பித்தார். ஒரு வசனம் புரியாமல் அடுத்ததற்குப் போவதில்லை. பைபிளில் எந்த வார்த்தை எங்கெங்கே வருகிறது என்று காட்டும் அகராதி ஒன்றுதான் துணை. இப்படி இரண்டு வருஷம்.

தானியேல் புத்தகத்தின் எட்டாம் அதிகாரத்தில் வந்து நின்றார். 2300 நாட்கள் செல்லும், அதற்குப் பின் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்கிற மாதிரி ஒரு தீர்க்கதரிசனம். பரிசுத்த ஸ்தலம் என்றால் இந்தப் பூமி, சுத்திகரிப்பு என்றால் கிறிஸ்து வரும்போது நடக்கப்போவது என்று எடுத்துக்கொண்டார். எண்ணாகமத்திலும் எசேக்கியேலிலும் ஒரு நாளை ஒரு வருஷமாகக் கணக்கிடும் இடங்கள் இருக்கின்றன. ஆக, 2300 நாட்கள் என்பது 2300 வருஷங்கள். எங்கிருந்து எண்ணுவது? பாரசீக ராஜா அர்தசஷ்டா, எஸ்றாவை எருசலேமுக்கு அனுப்பி வைத்த கட்டளையிலிருந்து. அது கி.மு. 457.

2300-ல் 457 போனால் 1843. இவ்வளவுதான் கணக்கு.

அவர் இந்த முடிவுக்கு வந்தது 1818-ல். இன்னும் இருபத்தைந்து வருஷம்தான் பாக்கி! நானோ நீங்களோ என்றால் அடுத்த நாளே தெருவில் இறங்கிக் கத்தியிருப்போம். மில்லர் என்ன செய்தார் தெரியுமா? பதின்மூன்று வருஷம் மேடை ஏறவில்லை. கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். ஆட்சேபணைகளைத் தானே எழுப்பித் தானே பதில் தேடினார். தெரிந்தவர்களிடம் பேசியதோடு சரி. ஊருக்குச் சொல் என்று உள்ளே ஒரு குரல் அரித்துக்கொண்டே இருந்தது. 1831 ஆகஸ்டில் ஒரு நாள், யாராவது வந்து கூப்பிட்டால் போகிறேன் என்று கடவுளிடம் ஒப்பந்தம் போட்டார். ஐம்பது வயதை நெருங்கும் ஒரு விவசாயியை யார் பிரசங்கம் பண்ணக் கூப்பிடப்போகிறார்கள் என்கிற தைரியம்தான். அரை மணி நேரத்தில் மருமகன் முறையுள்ள பையன் வாசலில் வந்து நின்றான். எங்கள் ஊர்ச் சபையில் போதகர் இல்லை, நீங்கள் வந்து பேச முடியுமா?

மில்லருக்குக் கோபமே வந்துவிட்டதாம். ஆனாலும், கொடுத்த வாக்கு. போனார்.

*

எட்டு வருஷம் கிராமம் கிராமமாகப் பேசினார். சின்னச் சின்னக் கூட்டங்கள். 1839-ல் ஜோஷுவா ஹைம்ஸ் என்கிற பாஸ்டன் போதகரைச் சந்தித்தபோதுதான் கதை வேகம் எடுத்தது. ஹைம்ஸ் சூட்டிகையான ஆள். இன்றைய பாஷையில் சொன்னால் ஒரு முதல்தர மார்க்கெட்டிங் மேனேஜர். நீங்கள் சொல்வதை நீங்களே நம்புகிறீர்களா என்று மில்லரைக் கேட்டார். ஆமாம் என்றார் மில்லர். அப்படியானால் இன்னும் ஏன் பட்டிக்காட்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள்?

1840-ல் பாஸ்டனில் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார் ஹைம்ஸ். 1842-ல் நியூயார்க்கில் இன்னொன்று. பெயர், 'நள்ளிரவுக் கூக்குரல்'. ஆரம்பத்தில் சில வாரங்கள் தினமும் பத்தாயிரம் பிரதிகள் அடித்துத் தெருவில் விநியோகித்தார்கள். தானியேலின் மிருகங்களையும் வருஷக் கணக்கையும் படமாக வரைந்து, அச்சடித்து, பிரசங்கிகள் கையில் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் உட்காரும் ராட்சதக் கூடாரம் ஒன்றை வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நீராவி ரயிலும் மலிவு அச்சும் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தன. இரண்டையும் ஹைம்ஸ் விடவில்லை. 1837-ல் ஆரம்பித்த பொருளாதார நெருக்கடியில் பாங்குகள் மூடி, வேலை போய், நொந்துகிடந்த ஜனங்களுக்கும் இந்த உலகம் முடியப்போகிறது என்பது அப்படியொன்றும் கெட்ட செய்தியாகத் தெரியவில்லை.

1843 மார்ச் மாதம் வானத்தில் பிரமாண்டமான வால்நட்சத்திரம் ஒன்று, பகலிலேயே கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வந்து நின்றது. கேட்க வேண்டுமா! பத்திரிகைகள் ஒரு பக்கம் கிண்டல் செய்தன. இன்னொரு பக்கம் 'நியூயார்க் டிரிப்யூன்' இதற்கென்றே தனிப் பதிப்பு போட்டு, மில்லரின் கணக்கு தப்பு என்று படம் போட்டு விளக்கியது. அவ்வளவு தூரம் போகவேண்டியிருந்தது என்றால் எத்தனை பேர் நம்பியிருக்க வேண்டும், பாருங்கள்.

இங்கே மில்லரின் நாணயத்தைக் கவனிக்க வேண்டும். அவர் கடைசிவரை நாள் குறிக்க மறுத்துவந்தார். யூத வருஷக் கணக்குப்படி 1843 மார்ச் 21 முதல் 1844 மார்ச் 21 வரை, இதற்குள் எப்போது வேண்டுமானாலும் என்பதோடு நிறுத்திக்கொண்டார். நாளும் நாழிகையும் தெரியாது என்றுதானே எழுதியிருக்கிறது, வருஷம் தெரியாது என்று இல்லையே என்பது அவர்களுடைய வாதம். சாமர்த்தியமான வாதம்தான். சட்டத்தில் சந்து கண்டுபிடிக்கிற ஆடிட்டர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

1844 மார்ச் 21 வந்தது. போனது. ஒன்றும் நடக்கவில்லை.

கணக்கில் ஒரு கோளாறு இருந்தது உண்மை. கி.மு. 1-க்கு அடுத்த வருஷம் கி.பி. 1. நடுவில் பூஜ்ய வருஷம் கிடையாது. எனவே கி.மு. 457-லிருந்து கி.பி. 1843 வரை எண்ணினால் 2300 வராது, 2299-தான் வரும். ஒரு வருஷம் உதைக்கும். இந்தத் தப்பை மில்லர் கோஷ்டியினரே கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால், அதை வைத்து இன்னொரு தேதி குறிக்கும் தைரியம் தலைவர்களுக்கு இல்லை. ஏமாந்துவிட்டதாக மில்லர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். கொஞ்சம் தாமதமாகிறது, பொறுத்திருப்போம் என்றார்கள்.

ஆகஸ்டில் நியூ ஹாம்ப்ஷயரின் எக்ஸிட்டர் என்கிற ஊரில் முகாம் கூட்டம். மேடையில் பேசிக்கொண்டிருந்தவரிடம் புதிதாக எதுவும் இல்லை. கூட்டத்திலிருந்து ஒரு பெண்மணி எழுந்து, இதையெல்லாம் கேட்டாகிவிட்டது, இங்கே ஒருவர் புதுச் செய்தி கொண்டுவந்திருக்கிறார், அவரைப் பேச விடுங்கள் என்றாராம். அப்படி மேடை ஏறியவர் சாமுவேல் ஸ்னோ. யூதர்களின் வசந்த காலப் பண்டிகையான பஸ்காவின்போது கிறிஸ்து சிலுவையில் மரித்தார் அல்லவா? அப்படியானால் இலையுதிர் காலப் பண்டிகையான பாவநிவாரண தினத்தில்தான் திரும்பி வருவார். அது ஏழாம் மாதம் பத்தாம் தேதி. காரைட் என்கிற யூதப் பிரிவினரின் பஞ்சாங்கப்படி, அந்த வருஷம் அது அக்டோபர் 22.

வருஷம் அல்ல, மாதம் அல்ல. நாள்!

நெருப்பு பற்றிக்கொண்டது. தொண்டர்கள் முன்னே ஓட, தலைவர்கள் பின்னால் ஓடினார்கள். ஹைம்ஸே அக்டோபர் பிறக்கும் சமயத்தில்தான் ஒப்புக்கொண்டார். பாவம், மில்லர்! இருபத்தாறு வருஷம் நாள் குறிக்கமாட்டேன் என்று இருந்தவர், அக்டோபர் 6 அன்று, மிச்சம் பதினாறே நாட்கள் இருக்கும்போது, ஒப்புக்கொண்டார்.

*

நான் படித்தது பி.காம். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அடுத்த வாரம் உலகம் முடியப்போகிறது என்று நிஜமாகவே நம்புகிறவன் என்ன செய்வான்? கிடைக்கிற இடத்தில் எல்லாம் கடன் வாங்குவான். திருப்பிக் கொடுக்கவா போகிறோம்?

இவர்கள் தலைகீழாகச் செய்தார்கள். கடன்களை அடைத்தார்கள். எப்போதோ செய்த மோசடியை, வைத்த பகையை, தேடிப்போய் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்கக்கூடாது என்பது எண்ணம். இந்த ஒரு விஷயத்துக்காகவே அவர்களைப் பைத்தியங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.

வெள்ளை அங்கி தைத்துப் போட்டுக்கொண்டு குன்றின் மேலும் மரத்தின் மேலும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு கதை இன்றுவரை உலவுகிறது. 1944-ல் ஃபிரான்சிஸ் நிக்கல் என்பவர் இதைத் துருவித் துருவி ஆராய்ந்து, நம்பத்தகுந்த ஆதாரம் எதுவும் இல்லை என்று எழுதினார். அவரும் அந்த வழியில் வந்த சபைக்காரர்தான். என்றாலும், பின்னால் வந்த சரித்திர ஆசிரியர்களும் பெரும்பாலும் அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு அவர்களில் பெரும்பாலோர் வீட்டிலும் சபையிலும் கூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

நியூயார்க் மாகாணத்தில் போர்ட் கிப்ஸன் பக்கத்தில் ஹைரம் எட்சன் என்கிற விவசாயி. அவரும் சிநேகிதர்களும் நள்ளிரவு வரை காத்திருந்து, பிறகு விடியும்வரை அழுதார்கள் என்று பின்னாளில் அவரே எழுதி வைத்தார். பூமியிலுள்ள எல்லாச் சிநேகிதர்களையும் பறிகொடுத்த துக்கம்கூட இதற்கு ஈடாகாது என்பது அவருக்குத் தோன்றியது.

சரி, அழுதாகிவிட்டது. 23-ம் தேதி காலை என்ன செய்வது?

எனக்கு 22-ம் தேதி பெரிதாகத் தெரியவில்லை. அன்றைக்கு நம்புவது சுலபம். கூடவே ஆயிரம் பேர் நம்புகிறார்கள். 23-ம் தேதி காலையில் எழுந்து, வாசல் கதவைத் திறந்து, 'என்னப்பா, நீ இன்னும் மேலே போகலையா?' என்று கேட்கும் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து, மூடிய கடையைத் திரும்பத் திறக்க வேண்டுமே, அது இருக்கிறது பாருங்கள், அதுதான் சோதனை. சில ஊர்களில் கும்பல்கள் கிளம்பி இவர்களின் கூட்ட இடங்களைத் தாக்கின. தெருவில் பிள்ளைகள்கூடக் கேலி செய்தார்கள்.

பலர் நம்பிக்கையையே விட்டுவிட்டார்கள். சிலர் வேறு தேதி குறித்தார்கள், அதுவும் பொய்த்தது, மறுபடி குறித்தார்கள். எட்சன் மறுநாள் காலை சோளக் கொல்லை வழியே நடந்து போகும்போது வேறொரு எண்ணம் வந்தது. தேதி சரி, நடந்த இடம்தான் வேறு. சுத்திகரிக்க வேண்டிய ஸ்தலம் பூமியில் இல்லை, பரலோகத்தில் இருக்கிறது. கிறிஸ்து அன்று அங்கே தன் வேலையைத் தொடங்கிவிட்டார். பூமிக்கு வருவது பிறகு.

தப்பை ஒப்புக்கொள்ளாமல் கணக்கை நேர் செய்யும் வேலை என்று இதை விமர்சித்தவர்கள் உண்டு. ஆனால், அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஏமாற்றத்தின்போது பதினாறு வயதுப் பெண்ணாக இருந்த எலன் ஒயிட் உள்ளிட்டோர் வழிநடத்த, 1863-ல் சுமார் 3,500 பேருடன் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை முறைப்படி அமைந்தது. இன்று உலகம் முழுக்க இரண்டு கோடிக்கு மேல் உறுப்பினர்கள். ஏகப்பட்ட பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரிகள். காலையில் கார்ன்ஃப்ளேக்ஸ் சாப்பிடுகிறீர்களா? 1890-களில் மிச்சிகனில் பேட்டில் கிரீக் என்ற ஊரில் அந்தச் சபை நடத்திய ஆரோக்கிய நிலையத்தில், கெல்லாக் சகோதரர்கள் நோயாளிகளுக்காகச் செய்து பார்த்த தானிய அவலில்தான் அதன் ஆரம்பம். உலகம் முடியும் என்று காத்திருந்தவர்களின் வாரிசுகள், உலகத்துக்குக் காலைச் சாப்பாடு போட்டார்கள்.

*

மில்லர்?

அவர் எட்சனின் விளக்கத்தை ஏற்கவில்லை. நேரக் கணக்கில் நான் தவறிவிட்டேன் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். கிறிஸ்து வருவார் என்பதை மட்டும் விடவில்லை. ஏமாற்றம் நடந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில் ஹைம்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். இனி என் மனதில் இருக்கும் தேதி 'இன்று' என்பதுதான் என்ற அர்த்தத்தில். இருபத்தாறு வருஷம் எண்களோடு மல்லுக்கட்டிய மனிதர், கடைசியில் வந்து சேர்ந்த கணக்கு அது. 1845 ஜனவரியில் சொந்த ஊர்ச் சபையே அவரை விலக்கியது. வீட்டுக்குப் பக்கத்தில் தன் நிலத்திலேயே ஒரு சின்ன ஜெப ஆலயம் கட்டிக்கொண்டார். பார்வை மங்கிப்போய், 1849 டிசம்பர் 20 அன்று இறந்தார். அந்த ஆலயம் இன்றும் இருக்கிறது.

ஹைம்ஸ் மீது இன்னொரு பழி. ஜனங்களை ஏமாற்றிப் பணம் சேர்த்துவிட்டார் என்று. அவர் ஓடி ஒளியவில்லை. என்னால் மோசம் போனவர் யாராவது இருந்தால் வரட்டும், நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று பத்திரிகையில் பகிரங்கமாக அறிவித்தார். எல்லாவற்றையும் இழந்து நின்ற விசுவாசிகளுக்குக் குளிர்காலத்தைத் தாண்ட உதவி சேர்த்துக் கொடுக்கச் சொல்லி சபைகளைக் கேட்டுக்கொண்டார்.

தேதி குறித்தவர்கள் எல்லாரும் இப்படிப் பொறுப்பாக நடந்துகொண்டார்கள் என்று சொல்ல முடியாது. நம் பக்கத்துத் திருவிதாங்கூரிலேயே 1875-ல் பெரிய எழுச்சி ஒன்று. பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான யுஸ்துஸ் ஜோசப் என்ற போதகர், இன்னும் ஆறு வருஷத்தில், 1881-ல் கிறிஸ்து வருவார் என்றார். வரவில்லை. சபை சுருங்கிப்போனது. அவர் எழுதிய மலையாளக் கீர்த்தனைகள் மட்டும் இன்னும் நிற்கின்றன. 2011-ல் அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹரோல்டு கேம்பிங் மே 21 என்று தேதி குறித்து, ஊரெங்கும் விளம்பரப் பலகைகள் வைக்கச் செய்தார். தப்பியது. அக்டோபர் 21 என்று மாற்றினார். அதுவும் தப்பியது. அடுத்த வருஷம், தேதி குறித்ததே பாவம் என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் அவர் பேச்சை நம்பிச் சேமிப்பைச் செலவழித்தவர்களுக்குப் போனது போனதுதான்.

இந்த வியாதி கிறிஸ்தவத்தின் முதல் தலைமுறையிலேயே இருந்தது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தைப் படித்துப் பாருங்கள். அந்த நாள் வந்தேவிட்டது என்று யாரோ கிளப்பிவிட்டுச் சபை குழம்பிக்கிடக்கிறது. வேலை செய்யாமல் திரிகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். உழைக்காதவனுக்குச் சாப்பாடு கிடையாது என்று கண்டிப்பாகப் பதில் போகிறது.

அப்படியானால் விழித்திருப்பது என்றால் என்ன?

மத்தேயுவிலேயே ஒரு கதை வருகிறது. மணவாளனை எதிர்கொள்ளப் பத்துக் கன்னிகைகள் தீவட்டியோடு காத்திருக்கிறார்கள். ஐந்து பேர் புத்தியுள்ளவர்கள், ஐந்து பேர் இல்லாதவர்கள். ஸ்னோவும் மில்லர் கோஷ்டியினரும் தங்களுக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்ட கதையே இதுதான். அவர்கள் பத்திரிகையின் பெயரே அதிலிருந்து வந்தது. அந்தக் கதையைத் திரும்பப் படித்தபோது எனக்கு ஒன்று பட்டது. பத்துப் பேருமே தூங்கிவிடுகிறார்கள். புத்தியுள்ளவர்கள் கண் கொட்டாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததாகக் கதையில் இல்லை. ஒரே ஒரு வித்தியாசம். அவர்கள் கூடுதலாக எண்ணெய் கொண்டுவந்திருந்தார்கள்.

அதாவது, மணவாளன் தாமதமாக வரக்கூடும் என்பதற்கும் தயாராக வந்திருந்தார்கள். மற்ற ஐந்து பேரின் எண்ணெய், அவர் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார் என்கிற கணக்குக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. வியாபாரத்தில் இதை 'ரிசர்வ்' என்போம். எதிர்பார்த்தபடி நடக்காமல் போனால் சமாளிக்க எடுத்து வைக்கும் தொகை. தேதி குறித்துவிட்டவனிடம் ரிசர்வ் இருக்காது. 22-ம் தேதியோடு அவன் எண்ணெய் தீர்ந்துவிடும். 23-ம் தேதி காலைக்கு எண்ணெய் வைத்திருப்பவன்தான் நிஜமாகக் காத்திருக்கிறான்.

நியூ இப்ஸ்விச் உருளைக்கிழங்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த வருஷம் கிழங்கு அழுகல் நோய் வந்து, சீக்கிரம் தோண்டியவர்களின் கிழங்கெல்லாம் பாழாய்ப் போனதாம். ஹேஸ்டிங்ஸின் கிழங்கு மட்டும் மண்ணுக்குள்ளேயே பத்திரமாக இருந்து, பின்னால் நல்ல விலைக்குப் போனதாம். அட்வென்டிஸ்ட் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

ஹைம்ஸ் தொண்ணூறு வயது வரை இருந்தார். அட்வென்டிஸ்ட் குழுக்களில் இருந்துவிட்டு, எழுபது வயதுக்கு மேல் எபிஸ்கோபல் சபையில் குருவானார். தெற்கு டகோடாவில் ஒரு சின்ன ஊரில், சாகும்வரை ஊழியம் செய்தார். 1895-ல் இறப்பதற்கு முன் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். தன்னை ஒரு குன்றின் மேல் புதைக்க வேண்டும். எக்காளம் ஊதும்போது உச்சியிலேயே இருக்க வேண்டுமாம்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது அந்த அக்டோபர் கழிந்து. மனுஷரிடம் இன்னும் எண்ணெய் இருந்திருக்கிறது.